ஜெனிபர் சொன்ன சாரி

"ஒரே ஒரு வார்த்தை. மேனேஜர் வந்ததும் சாரின்னு சொல்லிட்டு லைன்ல போய் நில்லு. இல்லன்னா கார்டக் கழட்டிக் குடுத்துட்டு நடையக் கட்டு" என்று கையை நீட்டினான் சூப்பர்வைசர் பூவராகவன்.

ஜெனிபர் கழுத்தில் தொங்கிய கார்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

நேற்று பேக்கிங் பெல்ட்டின் உருளையில், அதே லைனில் வேலை பார்க்கும் அப்பாவுவின் சட்டைக்கை மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசரைக் கேட்காமல் யாரும் பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பட்டனைத் தொடக் கூடாது என்பது அங்கே உத்தரவு. ஜெனிபர் பூவராகவனைத் தேடினாள். கண்ணில் படவில்லை. பிறகுதான் அமுக்கினாள். அதற்குள் அப்பாவுவுக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. லைன் நின்று லாரி தாமதமாகிவிட்டதாம், அதற்குத்தான் சாரி சொல்லச் சொல்லி நேற்றிலிருந்தே பிடிவாதம்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே லைன் மெர்சி, தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவள், சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லிட்டுத்தான் போயேன்டி. டிரெயின்ல கால மிதிச்சா சொல்றோம், ராங் நம்பருக்குச் சொல்றோம். வாய் தேய்ஞ்சா பூடும்?"

"வர மாட்டேங்குதுடி."

"ஆனா ஒண்ணு. பழைய இங்கிலீஷ்ல அது புண்ணு, வலிங்கிற வார்த்தைலேர்ந்து வந்துச்சாம். உள்ள நோவுதுன்னு அர்த்தம். லாரி லேட்டானதுக்கு உனக்கு இன்னா நோவுது?"

ஜெனிபர் பொன்னேரி வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நோவுதுடி. லாரிக்கு இல்ல."

மேனேஜர் வந்துவிட்டார். பெல்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

"இன்னா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றான் பூவராகவன்.

ஜெனிபர் நகர்ந்தாள். மேனேஜரைத் தாண்டி, கையில் கட்டோடு பெல்ட் ஓரம் நின்ற அப்பாவுவின் முன்னால் போய் நின்றாள்.

"சாரிண்ணா. இந்தாளத் தேடிக்கினு நின்னுட்டேன். தேடாம அமுக்கியிருக்கணும்."

"இன்னாத்துக்கும்மா சாரி?" அப்பாவு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "மிச்ச எட்டு வெரலும் உன்னாலதான் கீது."

அவள் கார்டைக் கழற்றிப் பூவராகவன் கையில் வைத்துவிட்டு கேட்டை நோக்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் பெல்ட் ஓடத் தொடங்கியது. அவள் பத்தடி போவதற்குள் அது சட்டென்று நின்றது.

"எவ அமுக்குனது?" என்று கத்தினான் பூவராகவன்.

"நான்தான் சார்." மெர்சியின் குரல். "அப்பாவு அண்ணன் ஒத்தக் கையோட பெல்ட்டாண்ட நிக்கிறாரு. நானும் உங்களத் தேடிக்கினு நிக்கணுமா?"