எண்பது மீற்றர்

மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகள் படுத்துவிடுவார்கள். கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜில் அஜந்தா வேலை செய்யும் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர். சின்னச் சின்ன மெத்தைகளை விரித்துப் படுக்கப் போட்டு, திரையை இழுத்துவிட்டால் இரண்டரை மணி வரைக்கும் அங்கே மூச்சுச் சத்தம் மட்டும்தான். அந்த நேரத்தில் அவள் கதவோரம் இருந்துகொண்டு, தன் போனில் அல்பெர்டினை வாசிப்பாள்.

அல்பெர்டின் நூறு வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெண். அவள் கைப்பட எழுதிய நாட்குறிப்புக் கொப்பியைக் கண்டெடுத்தவன் அஜந்தாவின் கணவன் ரதீசன்.

ரதீசன் பதினொரு வருடம் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினவன். முதுகு பழுதாகிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து அவனோடு படித்த டெனிஸ்டன் சஸ்கச்சுவானில் ஒரு பழைய பண்ணையை வாங்கி ஆடு வளர்க்கத் தொடங்கினான். டெனிஸ்டனுக்கு இரண்டு மணி நேரத் தூரத்து நகரத்தில் வேறு வேலையும் இருந்தது. பண்ணையிலேயே இருந்து பார்க்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். ரதீசன் செப்டம்பரில் போய்விட்டான். ஏழு வயது மகள் ஜஸ்மிதாவின் பள்ளிக்கூடம் ஜூனில் முடிந்ததும் தாயும் மகளும் அங்கே போவதென்று பேச்சு.

குளிருக்கு முன்பு பண்ணை வீட்டின் குசினிச் சுவரை அடைக்கவென்று பலகையைக் கழற்றியபோது ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் ஒரு கொப்பியும் கிடைத்தன. பிரெஞ்சு எழுத்து. ரதீசன் ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான்.

"நீர் பிரெஞ்சு தெரிஞ்ச ஆள். என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லும். இஞ்ச பொழுது போகுதில்லை," என்றான்.

பழங்காலத்துச் சாய்வெழுத்து. ஒரு பக்கத்தை வாசிக்க அஜந்தாவுக்கு ஒரு மதியம் முழுவதும் பிடித்தது. அல்பெர்டின் கியூபெக்கில் ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். கணவன் பெயர் ஓவிலா. 1909இல் இரண்டு பேரும் ரயிலேறிப் போய், அங்கிருந்து மூன்று நாள் மாட்டு வண்டியில் போய், அரசாங்கம் காட்டிய நிலத்தில் இறங்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். ஒரு மரம் கிடையாது. மரம் இல்லாத இடத்தில் எதை வைத்து வீடு கட்டுவது? புல் வேரோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, கல் அடுக்குவதுபோல அடுக்கி, மேலேயும் அதையே போட்டுக் கூரையாக்கி, அதற்குள் குடியிருந்திருக்கிறார்கள். பலகை வீடு வந்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. மழை ஒரு நாள் பெய்தால் கூரை மூன்று நாள் ஒழுகும். அல்பெர்டின் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பாணுக்கு மா பிசைந்தாளாம். விறகு இல்லாமல் மாட்டுச் சாணத்தையும் முறுக்கிய வைக்கோலையும் எரித்தாளாம். பதினொரு கிழமையாக இன்னொரு பெண்ணின் முகத்தைக் காணவில்லை என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள்.

குடைக் கதையை அஜந்தா ரதீசனுக்குச் சொன்னாள். அவன் சிரித்தான். சொல்லாமல் விட்டதும் இருந்தது.

இரண்டாவது பனி மாரியில் அல்பெர்டினின் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவர் இருந்த ஊர் ஐம்பது மைல் தூரம். பிள்ளை நான்காம் நாள் செத்துப்போனது. பெப்ரவரி மாதம், நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. கோடரி போட்டும் ஒரு சாண்கூட வெட்ட முடியவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி, மாட்டுக் கொட்டிலின் பரணில் வைத்தார்கள். ஏப்ரலில் நிலம் இளகும்வரை பிள்ளை அங்கேதான் கிடந்தது. 'பால் கறக்கப் போகும்போது நான் மேலே பார்ப்பதில்லை' என்று அல்பெர்டின் ஒரே வரியில் எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை வாசித்த நாளிலிருந்து அஜந்தாவுக்குள் பயம் புகுந்துவிட்டது. ஜஸ்மிதா இருமினால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்தாள். தொண்ணூறு கிலோமீற்றர். இப்போது றோட்டு இருக்கிறது, கார் இருக்கிறது, போன் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரதீசனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் அவ்வளவு சந்தோசமாக ஆடுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

பெப்ரவரி இரண்டாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் படுத்து அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். போன் அதிர்ந்தது. அவளுடைய வேலை நேரத்தில் ரதீசன் அழைப்பதில்லை, இன்று அவன்தான். அஜந்தா கூட வேலை செய்யும் றோஸ்மேரிக்குக் கையைக் காட்டிவிட்டு அறைக்கு வெளியே, கட்டடத்தின் உள் நடைபாதைக்கு வந்தாள். சுவர் நெடுகப் பிள்ளைகளின் குளிர்ச் சட்டைகளும், கீழே சின்னச் சப்பாத்துகளும்.

"அஜந்தா, கதைக்கேலுமே?" அவன் கத்துகிறான் என்பது விளங்கியது, ஆனால் குரல் மெல்லியதாகத்தான் வந்தது. மிச்சமெல்லாம் இரைச்சல்.

"ஓம், சொல்லுங்கோ."

"நான் பட்டியில இருந்து வீட்டுக்கு வெளிக்கிட்டனான். கால்மணித்தியாலமாகுது. வீடு வரேல்லை."

"வரேல்லை எண்டா?"

"காணேல்லை. உள்ள போகேக்க வெயில். தீனி போட்டிட்டு வெளிய வந்தா எல்லாம் வெள்ளை. கையை நீட்டினா கையைக் காணேல்லை."

ஆட்டுப் பட்டிக்கும் வீட்டுக்கும் இடையில் எண்பது மீற்றர். போன புதிதில் அவன் எட்டு வைத்து அளந்து சொன்னது.

"திரும்பிப் பட்டிக்குப் போங்கோவன்."

"அது எந்தப் பக்கமெண்டும் தெரியேல்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தனான். றோட்டெல்லாம் பூட்டியாச்சாம், பனி தள்ளுற மிசின் வந்தாத்தான் வரலாமாம். நிண்ட இடத்தில நிக்கச் சொல்லினம். நிண்டா விறைச்சுப்போவன், அஜந்தா. சைபருக்குக் கீழ முப்பத்திரண்டு பாகை."

அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கத்த முடியாது, கதவுக்கு அந்தப் பக்கம் பதினாறு பிள்ளைகள். என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது டெனிஸ்டனும் இரண்டு மணி நேரத் தூரத்தில் பூட்டிய றோட்டுக்கு அந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. ரதீசனுக்குப் பக்கத்தில் ஒரு மனிதரும் இல்லை.

அப்போதுதான் டிசம்பரில் வாசித்த ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. ஓவிலா ஒரு நாள் இப்படித்தான் கொட்டிலிலிருந்து வீடு திரும்பவில்லை. அல்பெர்டின் வாசலில் நின்று இரும்புச் சட்டியை அடித்தாள். தோள் வீங்கும்வரை அடித்தாள். விடாமல் அடிக்கக் கூடாது, விட்டு விட்டு அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். விடாமல் அடித்தால் சத்தம் காற்றோடு கலந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

"பிக்கப் எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"குசினிக் கதவடியில. ஏன்?"

ரதீசனின் அந்தப் பிக்கப் வண்டியைப் பூட்டவும் திறக்கவும் ஒரு செயலி இருந்தது. வாங்கிய நாளில் அவனும் அவளும் தங்கள் தங்கள் போனில் அதைப் போட்டுக்கொண்டார்கள். இங்கிருந்தே இயந்திரத்தை இயக்கலாம். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் ஹோர்னும் அடிக்கலாம்.

"அசையாதேங்கோ. நான் இஞ்சயிருந்து ஹோர்ன் அடிக்கிறன். கேட்டா சொல்லுங்கோ."

அமத்தினாள். ஹோர்ன் பொத்தானை விரல் தொட்டதும் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

"கேக்குதே?"

"இல்லை."

திரும்பவும் அமத்தினாள். "இப்ப?"

"இல்லை. காத்துதான். அஜந்தா, போன் சாகப் போகுது, குளிருக்குத் தாங்காது. பிள்ளையை..."

"அதொண்டும் கதைக்கவேண்டாம். கேளுங்கோ."

மூன்றாம் முறை அமத்தினாள்.

"பொறும்," என்றான் அவன். "என்னவோ ஒண்டு..."

அத்தோடு தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள். மணியே அடிக்கவில்லை. நேரம் ஒன்று நாற்பத்தெட்டு.

றோஸ்மேரி வெளியே வந்து அவளுடைய முகத்தைப் பார்த்தாள். திருகோணமலைக்காரி, வயதில் மூத்தவள். அஜந்தா நாலு சொல்லில் நடந்ததைச் சொன்னாள்.

"நீ அடி, பிள்ளை. உள்ளுக்க நான் பார்க்கிறன்," என்றுவிட்டு றோஸ்மேரி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

அஜந்தா தரையில் அமர்ந்தாள். முதலில் இயந்திரத்தை இயக்கிவிட்டாள், வந்து சேர்ந்தால் உள்ளே சூடாக இருக்கட்டும் என்று. பிறகு ஹோர்னை அமத்தினாள். முப்பது வரை எண்ணினாள். அமத்தினாள். முப்பது வரை எண்ணினாள். மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு வண்டி உண்மையாகவே சத்தம் போடுகிறதா, அல்லது இந்தப் போன் தன்னை ஏமாற்றுகிறதா என்று தெரியவில்லை. இந்த நடைபாதையில் சூடாக்கியின் மெல்லிய முனகலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. 'இணைப்பு இல்லை, மீண்டும் முயலவும்' என்று இரண்டு முறை வந்தது. மீண்டும் முயன்றாள்.

இரண்டு மணி. இரண்டு பத்து. அவன் விழுந்து கிடந்தால்? சத்தம் கேட்டும் எழும்ப முடியாமல் கிடந்தால்? விறைப்பவனுக்குக் கடைசியில் நித்திரை வரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். ஜஸ்மிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது என்ன சொல்வது? பரணும், துணியில் சுற்றிய பிள்ளையும் கண்ணுக்குள் வந்தன. அங்கே நிலம் இப்போதும் இரும்பாகத்தான் இருக்கும். அந்த நினைப்பைத் தள்ள முடியாமல் கைவிரலைக் கடித்துக்கொண்டு, மற்றக் கையால் அமத்தினாள்.

இரண்டு பத்தொன்பதுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. 'ஓட்டுநர் பக்கக் கதவு திறந்துள்ளது.'

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றுத் திறந்திருக்கலாம். அந்தக் காற்று எதையும் திறக்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரி. 'கதவு மூடப்பட்டது.'

  இருந்த இடத்திலேயே சின்னச் சப்பாத்துகளின் நடுவே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காற்றாகவும் இருக்கலாம். ஆனால் காற்றுத் திறந்த கதவைத் திரும்ப மூடுமா என்று நினைத்து, ஹோர்னை நிறுத்திவிட்டு, அடுத்தது என்ன வருகிறது என்று திரையைப் பார்த்தாள்.

உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கிய நேரம் போன் அடித்தது.

"கேட்டது," என்றான் ரதீசன். நாக்குத் தடித்த ஆள் கதைப்பதுபோல இருந்தது. "எனக்குப் பின்னால கேட்டது. நான் வீட்டுக்கு எண்டு வயல்வெளிப் பக்கமா நடந்துகொண்டிருந்திருக்கிறன். சத்தத்துக்குத் திரும்பினனான். சத்தம் நிண்டா நானும் நிண்டு, கேட்டா நடந்து... போன் இப்பதான் சூட்டுக்கு உயிர் வந்தது."

"நீங்கள் வண்டிக்குள்ளயோ இருக்கிறியள்?"

"ஓம்."

"இறங்கி வீட்டுக்க போங்கோ. புகைக்குழாயைப் பனி மூடினா நச்சுக்காத்து உள்ள வரும்."

இயந்திரத்தின் சத்தம் மட்டும் வந்தது.

"கேக்குதே?"

"கதவு ரெண்டு எட்டுதான்," என்றான். "எனக்கு இறங்கப் பயமாக் கிடக்கு, அஜந்தா."

கலியாணம் முடித்த பதின்மூன்று வருடத்தில் அவன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. குரலில் காட்டவில்லை.

"போனைச் சட்டைக்குள்ள வையுங்கோ. வெட்டவேண்டாம். ஒரு கையால வண்டியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால சுவரைத் தொடுங்கோ. சுவரைத் தொட்டாப் பிறகு வண்டியை விடுங்கோ. நான் எண்ணுறன்."

எண்ணினாள். இரைச்சல் வந்தது, பிறகு கதவு இடிபட்ட சத்தம், பிறகு இரைச்சல் ஒரேயடியாக நின்றது. உள்ளே போய் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டான்.

புயல் இரண்டு நாள் நீடித்தது. டெனிஸ்டன் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தான். பட்டிக் கதவு திறந்துபோய் ஒன்பது குட்டிகள் விறைத்துச் செத்திருந்தன. ரதீசனுடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுக்கவேண்டி வந்தது. மார்ச் மாதம் டோர்வலில் வந்து இறங்கியபோது கை கட்டோடு இருந்தது. ஜஸ்மிதா அதைத் தொடப் பயந்து, மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்ல அஜந்தா சொற்களை எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். அதற்கு வேலை வரவில்லை. வந்த இரண்டாம் நாள் ரதீசன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "டெனிஸ்டனிட்டச் சொல்லிப்போட்டன், வேற ஆளைப் பார்க்கச் சொல்லி," என்றான். பிறகு செத்த குட்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். சோறு அப்படியே கிடந்தது. கொப்பியின் மிச்சப் பக்கங்களைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பதினொரு மாரி விமான ஓடுபாதையில் வெட்டவெளியில் நின்று வேலை செய்த மனிதன், இப்போது பனி விழத் தொடங்கினால் திரையை இழுத்து மூடினான். எதிரேயிருக்கும் டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போகாமலிருக்கவும் ஒரு சாட்டுச் சொன்னான். அஜந்தா அதைக் கண்டும் காணாததுபோல விட்டாள்.

மார்ச் கடைசியில் கைக்கு மருந்து கட்டப் போகவேண்டிய காலை. எழும்பிப் பார்த்தால் நல்ல பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு வேண்டாம். பேந்து ஒரு நாள் போவம்," என்றான்.

"பேந்து எண்டா ஆஸ்பத்திரியில நேரம் தர இன்னும் ஒரு மாதம் செல்லும். நான் வாறன்," என்று சொல்லிச் சட்டையைப் போட்டுவிட்டாள். பொத்தானையும் அவளே பூட்டினாள்.

மெட்ரோவுக்கு இரண்டு சந்தி. வாசலைத் தாண்டியதும் அவன் அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தான். முதல் சந்தியில் காற்றுச் சுழற்றி அடித்து, எதிரே நின்ற கட்டடம் ஒரு நொடி இல்லாமல் போயிற்று. ரதீசன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.  அன்றைக்குக் கார்டெரியின் உள் நடைபாதையில் இருந்த அமைதி திரும்ப வந்து அவளுடைய காதை அடைத்தது. அவளும் நின்றாள். கட்டடம் மீண்டும் தெரிந்த பிறகு, காலை எடுத்து வைத்தாள். அவனும் வைத்தான்.

படி இறங்கி, ரயில் வந்து, கதவு மூடிய பிறகுதான் அவன் பிடியை விட்டான்.

"திரும்பி வரேக்கையும் இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் அஜந்தா.