வைஃபைக்கு வேறு பெயர்

தர்மிளா சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் அல்ல, வீட்டிலிருந்தே, மடிக்கணினி வழியாக. அரசாங்க வேலை கிடைத்தும் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாமல் தவிக்கிற யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆட்கள் சாயங்காலம் அவளிடம் படித்தார்கள். சிங்களவர் நிறைந்த தெரணியகலையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பாஷை. அதற்கு இப்படி ஒரு கிராக்கி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த மாதம் முழுக்க வகுப்பு அறுந்து அறுந்து போனது. பாதிப் பாடத்தில் இணைப்பு நின்றுவிடும். மோடத்தை அணைத்துப் போட்டால் திரும்ப வரும்.

"மிஸ், நீங்கள் இவ்வளவு நேரமும் வாயைத் திறந்தபடி நிண்டனீங்கள்" என்று, திரையில் அவள் முகம் உறைந்து நின்றதை வவுனியா மாணவர் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். தர்மிளாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே புது ரவுட்டர் ஒன்றை வாங்கிவந்து மோடத்தோடு மாட்டினாள். அதற்குப் பிறகும் அதே கதைதான். கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிற காமிலைக் கூப்பிட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

அவளுடைய வீடு டவுனுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டோரமாக, தோட்டத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கு வீடு கட்டக் கொடுத்த ஏழு பேர்ச் காணித் துண்டில் இருந்தது. காமில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, முதல் வேலையாக மோடத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொட்டி சுடலாம் போல இருக்குது தங்கச்சி. இந்தப் பொட்டி ஒரே ஆளா எல்லா வேலையும் பாக்குது. ஃபைபர் லைனையும் வாங்குது, நெட்டையும் பங்கு போடுது, வைஃபையும் குடுக்குது. அதான் திணறுது."

"அதுக்குத்தானே, நானா, புது ரவுட்டர் வாங்கினேன்?"

"வாங்கினது சரி. ஆனா இப்ப ரெண்டும் ஒரே வேலைய செய்யுது. ஒங்கட ரவுட்டர் பங்கு போடுறத மோடம் திரும்பப் பங்கு போடுது. மோடத்த பிரிட்ஜ் மோட்ல போடுவம். அது லைன வாங்கி அப்படியே கடத்திவிடும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் ரவுட்டர் பாத்துக்கொள்ளும்."

அதற்குக் கம்பெனியிடமிருந்து இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும் என்றார். இணைப்பு தர்மிளாவின் பெயரில்தான் இருந்தது. அதை எடுக்கும்போது அவள் கணவன் கிருஷ்ணராஜ் கட்டாரில் வேலையில் இருந்ததால் அப்படி அமைந்தது. அவள் கம்பெனிக்குப் போன் எடுத்துத் தன் அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னதும் தந்துவிட்டார்கள். காமில் அதை ரவுட்டரில் பதிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு விசயம். பிரிட்ஜ்ல போட்டா மோடத்துட வைஃபை நிண்டுடும். அதுல ஓடுற சாமானெல்லாம் நிக்கும். பயப்படாதீங்க, ரவுட்டருக்கும் அதே பேரு, அதே பாஸ்வேர்ட் குடுத்தா எல்லாம் தானா வந்து புடிச்சிக்கொள்ளும். பழைய பேரே போடவா?"

தர்மிளாவின் கண் வாசல் நிலைக்கு மேலே போனது. அங்கே ஒரு கெமரா இருந்தது.

போன முறை லீவில் வந்தபோது கிருஷ்ணராஜ் மாட்டியது அது. பக்கத்துத் தோட்ட டிவிஷனில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போயிருந்தது. பொம்பளையும் பிள்ளையும் தனியாக இருக்கிற வீடு என்று சொல்லி, வாசலுக்கு மேலே உள்பக்கமாக மாட்டினான். அதில் வீட்டு முன் ஹோல் முழுக்கத் தெரியும், பேச்சும் கேட்கும். அங்கிருந்து அவன் பேசினால் இங்கேயும் கேட்கும். ஆரம்பத்தில் அவளுக்கும் அது துணையாகத்தான் இருந்தது. மகள் லோஜினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைப் பார்த்துக் கையாட்டி, "அப்பா, வந்துட்டேன்" என்பாள்.

பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு அனுஷியா ஏன் அவ்வளவு நேரம் இருந்தாள்? மத்தியானம் எங்கே போனாய்? அந்தச் சோபாவை ஏன் நகர்த்தினாய்? எதுவும் கோபமாகக் கேட்கப்பட்டதல்ல. ஆனால் தர்மிளா சோபாவில் காலை நீட்டிப் படுப்பதை விட்டுவிட்டாள். தலை துவட்டக்கூட அறைக்குள் போனாள். ஒருநாள் வகுப்பின் நடுவில், அவள் வினைச்சொற்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலிருந்து சத்தம் வந்தது.

"தர்மி, கேஸ் அடுப்ப நிப்பாட்டினியா?"

பதினைந்து பேர் கேட்டார்கள். "மிஸ், யாரோ கதைக்கினம்" என்றார் ஒருவர். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்றிரவு சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, "அடுப்பு எரிஞ்சிருந்தா?" என்றான்.

"தங்கச்சி, பழைய பேரா?" என்று காமில் மறுபடியும் கேட்டார்.

"இல்ல நானா. வேற பேரு போடுங்க. பாஸ்வேர்டும் வேற."

"அப்ப கெமரா, டேப்லெட் எல்லாத்தயும் ஒவ்வொண்டா சேக்க வேணுமே?"

"நான் சேத்துக்கிறேன்."

காமில் மடிக்கணினியில் ஏதோ தட்டினார். மோடத்தில் வைஃபை விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் ரவுட்டரின் விளக்கு நிலைத்து நின்றது. கெமரா மட்டும் பழைய பெயரைத் தேடிக்கொண்டு சிவப்பாகக் கண் சிமிட்டியது.

அன்று சாயங்காலம் வகுப்பு ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. முடிந்ததும் தர்மிளா சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். சுகமாகத்தான் இருந்தது. கூடவே, செய்யக்கூடாததைச் செய்துவிட்டது போலவும் இருந்தது.

லோஜினி தூங்கிய பிறகு கிருஷ்ணராஜ் கட்டாரிலிருந்து போன் எடுத்தான்.

"கெமரா ஓஃப்லைன்னு காட்டுது. கரண்ட் இல்லயா?"

மோடம் பழுது என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. ஆனால் இன்றைக்கு ஒன்று சொன்னால் நாளைக்கு இன்னொன்று சொல்ல வேண்டும்.

"கரண்ட் இருக்குங்க. காமில் நானா புது ரவுட்டர சரியா போட்டுக் குடுத்தாரு. வைஃபைக்கு வேற பேரு."

"அப்ப நாளைக்கு அவர வரச்சொல்லி கெமராவ சேத்துரு."

"சேக்க எனக்கே தெரியும். வேணாம்னுதான் விட்டேன்."

கிருஷ்ணராஜின் குரல் மாறியது.

"எனக்குத் தெரியாம என்னத்த ஒளிக்கப் போற?"

இப்படிக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இருந்தும் வலித்தது.

"ஒளிக்க ஒண்ணும் இல்லங்க. ஒரு வாய் சோறு திங்கிறப்பகூட மேல இருந்து பாக்குறீங்களோன்னு நெனச்சிக்கிட்டே திங்கிறேன். என் வீட்டுல எனக்கு உக்காரத் தெரியாமப் போச்சு."

அவன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சில நாள் அவன் அவளோடு பேசவில்லை. சாயங்காலம் எடுப்பான். "லோஜினிட்ட குடு" என்பான். பிள்ளை பழக்கதோஷத்தில் வாசலில் நின்று மேலே பார்த்துக் கையாட்டுவதைத் தர்மிளா கவனித்தாள்.

"இப்ப அதுல அப்பா இல்லம்மா. பொறகு போன்ல பேசலாம்."

"ஏன் இல்ல?"

அன்றைக்கு மட்டும் தர்மிளா, ரவுட்டரைத் திறந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாமா என்று யோசித்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. யோசனையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனே அவளைக் கேட்டுப் போன் எடுத்தான். லீவு நாள். தங்குமிடத்தில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒன்ன வேவு பாக்க இல்ல தர்மி, அத மட்டும் வெளங்கிக்க. மத்தியானம் லொறிய ஓரமா போட்டுட்டு சாப்புடுவேன். அப்ப அதத் தொறந்து வைப்பேன். ஹோல்ல நீங்க யாரும் இல்லாட்டியும் பரவால்ல. காத்தாடி சுத்திக்கிட்டு இருக்கும். அதப் பாத்துக்கிட்டே சாப்புட்டுருவேன்."

இத்தனை நாளில் அவன் இதைச் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் அதற்காகச் சரி என்று சொல்லிவிட அவளால் முடியவில்லை.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அந்த நேரத்துக்கு எனக்கு வீடியோ கோல் எடுங்க. நான் போன மேசையில நிமித்தி வைக்கிறேன். நீங்க சாப்புடுங்க, நான் என் வேலய பாக்குறேன். பேசணும்னுகூட இல்ல."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். இது எனக்குத் தெரிஞ்சு நடக்கும்."

அவன் உடுப்பைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"கள்ளன் வந்தா?"

"கெமராவ வெளிய, கேட்டப் பாக்குற மாதிரி மாட்டுறேன். கள்ளன் உள்ள வந்த பொறகு பாத்து என்ன செய்ய?"

"ஹரி, என்னமோ செய்" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொன்னான். சமாதானமான குரல் அல்ல அது. ஆனாலும் சண்டைக்கு நிற்கிற குரலும் அல்ல.

மறுநாளே தர்மிளா ஸ்டூல் போட்டு ஏறிக் கெமராவைக் கழற்றினாள். கூரை நீட்டுக்குக் கீழே, மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து, கேட் தெரிகிற மாதிரி மாட்டிப் புது வைஃபையில் சேர்த்தாள். முதல் வாரம் அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பிறகு ஒருநாள், "கேட்டு தொறந்து கெடக்கு, யாரோட நாயோ உள்ள வந்துருச்சு" என்று செய்தி அனுப்பியிருந்தான்.

மத்தியான அழைப்பு உடனே பழக்கமாகிவிடவில்லை. சில நாள் அவன் மறந்துவிடுவான். சில நாள் அவளுக்கு வேலை இருக்கும், "பொறகு" என்று அனுப்புவாள். எடுக்கிற நாட்களில் அநேகமாக இருவரும் அதிகம் பேசுவதில்லை. அவன் மெல்லுகிற சத்தம் கேட்கும். அவள் பாடத்துக்குக் குறிப்பு எழுதுவாள். லோஜினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் போனுக்கு முன்னால் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒக்டோபர் மழை தொடங்கிய அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் சடசடவென்று அடித்தது.

"மழயா? கொஞ்சம் வாசப்பக்கம் திருப்பேன், பாக்கலாம்."

தர்மிளா போனைத் தூக்கி வாசலில் நின்று காட்டினாள். ரோட்டில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. எதிர்ப்பக்கத்து றப்பர் மரங்கள் தெரியவே இல்லை. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். தூரத்தில் இடி உருண்டது.

"மோடத்தக் கழட்டணும்ங்க. போன தடவ பக்கத்து வீட்டுல இடி விழுந்து டீவியும் போச்சு."

"கழட்டு, கழட்டு. அந்தப் புது ரவுட்டரையும் கழட்டிரு. கெமரா நின்னாலும் பரவால்ல" என்றான் கிருஷ்ணராஜ்.

அவள் இரண்டையும் கழற்றினாள்; அழைப்பும் நின்றது.