பினாயில் குடித்த தொட்டி

அப்பாசாமிக்கு அருவருப்பு பிறவிக் குணம். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்று முழுக்கப் பட்டினி. அடுத்தவர் வாய் வைத்துக் குடித்த டம்ளரைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகம் சானிட்டரி இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகச் சாக்கடை ஓரங்களில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, “அதை அள்ளு, இங்கே பினாயில் ஊற்று” என்று பத்தடி தள்ளியிருந்தே வேலை வாங்கினார். கிட்டே போனதில்லை.

ஓய்வு பெற்றதும் கொல்லிமலைக்குக் குடிவந்தார். மனைவி இறந்து நாலு வருஷமாகியிருந்தது. இழுப்பு நோய்க்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னது ஒரு காரணம். சாக்கடையே இல்லாத இடத்தில் சாக வேண்டும் என்பது, யாரிடமும் சொல்லாத இன்னொரு காரணம். இது நடந்தது 1937, 38 வாக்கில். மேலே ஏற ரோடு கிடையாது. பேளுக்குறிச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் காலையில் கிளம்பினால் உச்சி வெயிலுக்கு மேலே வந்து சேரலாம். சிமெண்டு, இரும்பு, ஓடு எல்லாமே தலைச்சுமையாகத்தான் வந்தன. வந்த சிமெண்டில் பாதியைச் சுவருக்குக்கூடக் கொடுக்காமல் ஒரு தொட்டி கட்டினார். வீட்டுக்குப் பின்னால், மண்ணுக்கு அடியில், செங்கல் வைத்துப் பூசிய செப்டிக் டேங்க். கக்கூஸ் கழிவும் குளித்த தண்ணீரும் குழாய் வழியாக அதற்குள் போய்விடும். தெளிந்த நீர் மட்டும் அந்தப் பக்கக் குழாய் வழியாகக் கல் நிரப்பிய ஒரு குழிக்குப் போய் மண்ணில் ஊறிவிடும். கண்ணில் படாது, மூக்கில் ஏறாது, கையால் அள்ள ஆள் வேண்டாம். படம் போட்டுக் கொடுத்த ஓவர்சியர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சமையலுக்கு வந்த கண்ணாயிக்கு இது பிடிபடவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரனோடு சாமைக்காட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, காலையில் வந்து ஆக்கி வைத்துவிட்டு மத்தியானம் போய்விடுவாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே போயி, அத ஊட்டுக்குப் பக்கத்துலயே மூடி வெச்சுக்குவீங்களா?”

“மூடி வைக்கறதில்லை கண்ணாயி. அது தானாக் கரைஞ்சு போயிரும்.”

“எங்கீங்க போகும்?” என்றாள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். எத்தனை மழையானாலும் தூரக் காட்டுக்குப் போனாளே தவிர, அந்தக் கக்கூஸ் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே அந்தத் தொட்டியில் விழுந்தது முழுக்க முழுக்க அப்பாசாமி ஒருவருடையதுதான்.

கட்டி முடித்த புதிதில் லேசாக ஒரு வாடை வந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. காலையில் ஒரு குவளை பினாயில் ஊற்றினார். வாடை அடங்கியது. சாயங்காலமும் ஊற்றினார். அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் மூலம் பினாயில் டின் டின்னாக மலையேறியது. இடையிடையே பிளீச்சிங் பவுடரும் அள்ளிப் போட்டார். பதினாறு மாதம் இப்படியே போனது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியபோது அது இறங்கவில்லை. மேலே வந்தது. பினாயில் கலந்து பால்போல் வெளுத்த நீரில், அவர் ஒருபோதும் பார்க்க விரும்பாததெல்லாம் மிதந்துகொண்டு விளிம்பு வரை ஏறி, விளிம்பைத் தாண்டி, அவருடைய கால்விரல்களைத் தொட்டது. அவர் அலறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பின்னால் நடந்து வெளியே வந்து, கொல்லையில் கல்லில் காலை உரசி உரசித் தோல் வழன்று போகும்வரை கழுவினார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகு போய், மீதமிருந்த இரண்டு டின் பினாயிலையும் அதிலேயே கொட்டினார்.

மறுநாள் செல்லமுத்து வந்தார். சரிவில் கீழே சாமைக்காடு வைத்திருப்பவர். அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் பேச்சுக்கு முன்னால் நிற்கிறவர். கையில் ஒரு சொம்பு. அதை அப்பாசாமியின் முன்னால் வைத்தார்.

“மோந்து பாருங்க.”

அப்பாசாமி குனியவில்லை. குனியாமலே தெரிந்தது. தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். பினாயில் வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை.

“இது எங்க சுனைத் தண்ணிங்க. உங்க குழி நெறஞ்சு, காட்டு வழியா ஒழுகி அங்க போயிச் சேருது. எம்மவ குடிச்சுப்போட்டு ராத்திரியெல்லாம் வாந்தி.”

“மழை நின்னதும் சரியாயிரும் செல்லமுத்து.”

“நீங்க சுகாதாரத்துல வேல பாத்தவருன்னு சொன்னாங்க. அதான் எடம் உட்டோம். அடுத்த சந்தைக்குள்ள இது நிக்கோணும். இல்லைன்னா ஊட்டக் காலி பண்ணிக்கிட்டுக் கீழ போயிருங்க.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

இதே வார்த்தைகளை அப்பாசாமி எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்று சொல்லியிருக்கிறார். கேட்டு நிற்பது இதுதான் முதல் தடவை.

செல்லமுத்துவே சந்தைக்குப் போன ஆட்களிடம் விசாரித்து ஓர் ஆளைப் பிடித்தார். மூன்றாம் நாள் குழந்தைசாமி மலையேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, காதோரம் நரை. ஏற்காட்டில் துரைமார் பங்களாக்களில் இந்த மாதிரித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அடிவாரத்தில் இருந்தார். வந்ததும் வீட்டுக்குள் வராமல் நேராகப் பின்பக்கம் போய், மூடியாகப் போட்டிருந்த பலகைக் கல்லின் இடுக்கில் மூக்கை வைத்து மோந்தார். அதைப் பார்த்ததும் அப்பாசாமி இரண்டடி பின்வாங்கினார்.

“எசமான், இதுக்குள்ள என்ன ஊத்துனீங்க?”

“பினாயில். தினம் ரெண்டு வேளை.”

குழந்தைசாமி முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “கொன்னு போட்டீங்க” என்றார்.

“எதை?”

“இதுக்குள்ள புழு பூச்சி மாதிரி, கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு இருக்குமுங்க. அதுதான் திங்கிறது. அதுதான் கரைக்கிறது. நீங்க மருந்து ஊத்தி அத்தனையும் சாவடிச்சுட்டீங்க. திங்க ஆளில்லாம எல்லாம் அப்படியே கெடக்குது. மெதந்தது அந்தப் பக்கத்துக் கொழாய அடச்சுருக்கும்.”

தன் கழிவை ஏதோ உயிர்கள் தின்கின்றன என்பதையே அப்பாசாமியால் தாங்க முடியவில்லை. அவற்றைக் கொன்றது தப்பு என்பது அதற்கு மேல்.

குழந்தைசாமி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார். உள்ளேயிருந்து ஏறிய காற்று கண்ணை எரித்தது. அழுகிய முட்டையும் பினாயிலும் கலந்த வாடை. அடுப்படியில் இருந்த கண்ணாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடினாள். குழந்தைசாமி அப்பாசாமியின் தோளைத் தொடாமல், கையை மட்டும் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

“குனியாதீங்க, வெஷக்காத்து. இன்னைக்கு முழுக்கத் தெறந்தே கெடக்கட்டும். எந்தம்பி இப்படித்தான் குனிஞ்சு பாத்தான். அப்படியே உள்ள போயிட்டான். எட்டிப் புடிக்கக்கூட நேரமில்லீங்க.”

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சுனைக்கு எதிர்ப்பக்கம், மேட்டு நிலத்தில் செல்லமுத்து ஆட்களை வைத்து ஒரு பெரிய குழி வெட்டிக் கொடுத்தார். வெட்டியதோடு சரி. மண்வெட்டிகளைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் தள்ளி நின்றார்கள். குழந்தைசாமி கயிறு கட்டிய மண்ணெண்ணெய் டின்னை உள்ளே விட்டு, நிறைத்து மேலே தூக்கினார். மூங்கில் கழியில் அதைத் தொங்கவிட்டார். பிறகு நின்றார்.

“இன்னொரு தோள் வேணுமுங்க.”

யாரும் அசையவில்லை.

“ஒத்தையாளாத் தூக்குனா ததும்புமுங்க. இந்தச் சரிவுல சிந்துனது எல்லாம் திரும்பச் சுனைக்குத்தான் போகும்.” அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

செல்லமுத்து அப்பாசாமியைப் பார்த்தார். கண்ணாயி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாசாமி வீட்டுக்குள் போனார். திரும்பி வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, யூகலிப்டஸ் தைலம் நனைத்த துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கழியின் மறுமுனையைத் தோளில் ஏற்றினார்.

“துண்ட அவுத்துருங்க” என்றார் குழந்தைசாமி.

“ஏன்?”

“மூக்கக் கட்டுனா வாயில மூச்சு உடுவீங்க. அப்பறம் நாக்குல தெரியுமுங்க.”

அவர் கேட்கவில்லை. இருபது அடி நடப்பதற்குள் நாக்கில் தெரிந்தது. துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குனிந்து வாந்தி எடுத்தார். கழி ஆடவில்லை; குழந்தைசாமி மறுமுனையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

மேலாக இருந்தது தடித்த ஏடு. சாம்பல் நிறத்தில் தோல்போல் சுருங்கியிருந்தது. அதன் அடியில் இருந்ததுதான் மோசம். எதுவுமே கரைந்திருக்கவில்லை. பினாயில் எல்லாவற்றையும் ஊறுகாய்போலப் பதப்படுத்தி வைத்திருந்தது. தக்காளி விதை, கீரைத் தண்டு, வைகாசியில் தின்ற பலாச்சுளையின் நார். டின் ஒவ்வொன்றும் மேலே வரும்போது, தான் எந்த மாதம் என்ன சாப்பிட்டோம் என்று அவருக்கே சொல்ல முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் கால் இடறியது. திறந்தால் அது தெரிந்தது. டின் தளும்பி முழங்காலில் தெறித்தபோது துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை; தோளில் கழி இருந்தது. பத்தாவது நடையில் வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் குமட்டல் மட்டும், நடைக்கு ஒன்றாக, வந்து வந்து போனது.

“ஊட்டுல எத்தன பேருங்க?” என்று குழந்தைசாமி நடுவில் கேட்டார்.

“நான் மட்டும்தான்.”

“இத்தனையும் ஒரே ஆளா?” என்றார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை. அதனாலேயே அப்பாசாமிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

நாற்பத்திரண்டு நடை. கடைசியாக, அடைத்திருந்த குழாயில் மூங்கில் சிம்பை விட்டுக் குத்தி எடுத்தார்கள். சோப்புக் கட்டியும் மயிரும் திரண்ட உருண்டை ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதில் இருந்த நரைமயிரும் அப்பாசாமியுடையதுதான். அடியில் கொஞ்சம் வண்டலை மட்டும் விட்டுவிட்டு, ஒரு கூடை பசுஞ்சாணியைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார் குழந்தைசாமி. புதிதாக உயிர் பிடிக்க வேண்டுமாம். இனி ஒரு சொட்டு பினாயில்கூட உள்ளே போகக் கூடாது என்றார். குழி நிறைந்ததும் செல்லமுத்துவின் ஆட்கள் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

ஓடையில் மண் தேய்த்து மூன்று முறை குளித்தார் அப்பாசாமி. நகத்தடியைக் குச்சியால் நோண்டி நோண்டிக் கழுவினார். ஈர வேட்டியோடு வீட்டுப் படியில் கால் வைக்கும்போது கண்ணாயி குறுக்கே வந்து நின்றாள்.

“இல்லீங்க. மூணு நாளைக்கு உள்ள வராதீங்க.”

“இது என் வீடு கண்ணாயி.”

“ஆமாங்க. ஆனா நான் ஆக்குற அடுப்பு உள்ள இருக்குதுங்களே. நீங்க வந்தீங்கன்னா நான் வேலைக்கு வரமாட்டனுங்க. அங்கயே ரெண்டு எலை போட்டிருக்கேன்.”

கொல்லையில் பலாமரத்தடியில் இரண்டு வாழையிலைகள் கிடந்தன. ஒன்றின் முன்னால் குழந்தைசாமி ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அப்பாசாமி போய் மற்றதன் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாயி எட்ட நின்று, இடுப்பு உயரத்திலிருந்து சாமைச் சோற்றைப் போட்டாள். குழம்பு ஊற்றும்போது இலையைத் தாண்டி அவர் தொடையில் தெறித்தது. முன்பு வேலையாட்களுக்கு இப்படிப் போட்டு அவர் பார்த்திருக்கிறார். அது கேவலமாக இருக்கும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

குழந்தைசாமி சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். அப்பாசாமியின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது. மண் தேய்த்துக் கழுவிய கைதான். தன் கையைவிட நன்றாகவே கழுவியிருந்தார். அப்படியிருந்தும் அவர் தன் இலையைத் தொடவில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. குழந்தைசாமி நிமிர்ந்து பார்த்தார், புரிந்துகொண்டார். இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றையும்விட அந்த முதுகைப் பார்ப்பதுதான் அப்பாசாமிக்குக் குமட்டலாக இருந்தது. அந்தக் குமட்டல் தொட்டியினால் வரவில்லை.

“குழந்தைசாமி, இந்தப் பக்கம் பார்த்தே உக்காருங்க.”

“பரவாயில்லீங்க. பழக்கந்தானுங்க.”

“உக்காருங்கன்னு சொல்றேன்.”

குழந்தைசாமி மெல்லத் திரும்பினார். அப்பாசாமி தன் இலையில் கை வைத்தார். ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினார். இரண்டாவது உருண்டையையும் அப்படியே தள்ளினார். மூன்றாவதற்குப் பிறகு எழுந்து மரத்துக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் செய்யாதா?” என்று கேட்டார்.

“செய்யாமங்களா? ஊட்டுக்குப் போயி மூணு நாளைக்கு எம்பொஞ்சாதி மொகத்தப் பாத்துச் சாப்புட முடியாது. அவகிட்ட இதெல்லாம் சொல்றதில்லீங்க.”

இருபத்தெட்டு வருஷத்தில் அப்பாசாமி இந்தக் கேள்வியை ஓர் ஆளிடம்கூடக் கேட்டதில்லை. அவர்களுக்கு மூக்கே இல்லை என்பதுபோலத்தான் நடந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கக்கூஸில் தண்ணீர் சரியாக இறங்கியது. பினாயில் ஊற்றாததால் முதல் மாதம் வாடை இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு அதுவும் அடங்கியது. கார்த்திகை மழை சுனையை அலசிவிட்டது. செல்லமுத்து ஒரு நாள் அதே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எதிரிலேயே பாதியைக் குடித்துக் காட்டிவிட்டு மீதியை அவரிடம் நீட்டினார். அடுத்தவர் வாய் வைத்த சொம்பு. அப்பாசாமி அதை வாங்கி, அண்ணாந்து ஊற்றித்தான் குடித்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. செல்லமுத்துவும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வருஷத்துக்கு ஒரு தரம் தை மாதம் குழந்தைசாமி மலையேறி வந்தார். நீளக் குச்சியை உள்ளே விட்டு வண்டல் எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். தேவைப்பட்டால் பத்துப் பன்னிரண்டு டின் எடுப்பார்கள். கழியின் மறுமுனையை அப்பாசாமிதான் பிடிப்பார். அருவருப்பு மட்டும் ஒரு துளியும் குறையவில்லை. கடப்பாரையைக் கையில் எடுக்கும்போதே அவர் வேலியோரம் ஓடிப்போய்க் குனிந்து நிற்பார். குழந்தைசாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார்.

“ஆச்சுங்களா?”

“இருங்க. இன்னொரு தரம் வருது.”

சற்று நேரம் கழித்து அப்பாசாமி வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

“ம். தூக்குங்க.”