பிழை சொல்லாத பாஸ்கல்

போர்க்காலம். வன்னியில் எங்கள் அக்கராயனில் கரண்ட் இல்லை. எங்களிடம் இருந்தது பாஸ்கல் என்ற கணினி மொழியைப் பற்றிய ஒரு புத்தகமும் பழைய கொப்பிகளும்தான். நான் கொப்பியில் நிரல் எழுதுவேன். சிநேகிதி சிவரூபி கணினியாக இருப்பாள். வரிவரியாக வாசித்துக்கொண்டு வருவாள். எங்காவது பிழைத்தால் பேனையை வைத்துவிட்டு, "இதுக்கு மேல போகமாட்டன்" என்பாள். கெஞ்சினாலும் அசையாள். படிக்கிறவர்களுக்காகவே செய்த மொழி இது, பிழையை மறைக்காது, அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. நான் அதைச் சாமி வாக்காக நம்பினேன்.

தொண்ணூற்றொன்பதில் வவுனியாவுக்கு வந்து முகாமில் இருந்தேன். வெளியே போவதென்றால் ஆமிக்காரர் சில நாளுக்கான அனுமதிச் சீட்டு, பாஸ்தான் தருவார்கள். நிவாரண அலுவலகம் ஒன்றில் கணினி வேலைக்குச் சோதனை வைத்தார்கள். வேலை கிடைத்தால் நிரந்தர பாஸுக்கு எழுதித் தருவார்களாம். உண்மையான கணினியை அன்றுதான் தொட்டேன்.

ஊர் ஊராக இடம்பெயர்ந்தோர் தொகையைக் கூட்டவேண்டும். எழுதினேன். நாற்பதாயிரத்து இருநூறு வரவேண்டும். அதற்கு மனக்கணக்கே போதும். திரையில் வந்தது மைனஸ் இருபத்தையாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. சனமே இல்லாவிட்டாலும் பூச்சியம் என்றுதானே சொல்லவேண்டும், மைனஸ் சனம் எந்த ஊரில் இருக்கிறது? பிழை என்று ஒரு சொல் இல்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நேரமும் முடிந்தது. விடைத்தாளில், "இது பிழை. ஏனென்று எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன்.

சோதித்தவர் நவ்பர், முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"மற்ற நாலு பேரும் மைனசை அழிச்சுப்போட்டுத் தந்திருக்கினம், தங்கச்சி."

"அது ஏன் சேர் நிக்கேல்லை? நிக்கும் எண்டுதானே புத்தகத்தில கிடக்கு?"

"நீங்கள் பாவிச்ச எண் வகைக்குள்ள முப்பத்தீராயிரத்துச் சொச்சம்தான் கொள்ளும். அதுக்கு மேல போனால் சுத்திக்கொண்டு மைனசுக்குள்ள போய், திரும்பவும் மேல ஏறும். அப்ப நிக்கத்தான் வேணும். வேகமா ஓடோணும் எண்டு பிழை பிடிக்கிற காவலை நிப்பாட்டி வைச்சு வித்திருக்கிறாங்கள். மேல ஒரு வரி எழுதினால் முழிச்சிடும்."

அந்த வரியை எழுதி ஓடவிட்டார். கணினி நடுவழியில் நின்று, பிழை என்றது. புத்தகம் பொய் சொல்லவில்லை என்று ஆறுதலாக இருந்தது. ஆனாலும் படிப்பிக்கச் செய்த மொழிக்கு வேகம் எதற்கு, யார் கேட்டது என்று உள்ளுக்குள் பொருமினேன்.

"திங்கட்கிழமை வேலைக்கு வாங்கோ," என்றார்.

எழும்பினேன். கால் வாசலுக்குப் போகவில்லை. "சேர், எழுபதாயிரம் சனமெண்டால் என்ன காட்டும்?"

காவல் வரியை எடுத்துவிட்டு, எழுபதாயிரம் வரும்படி எண்களைப் போட்டுப் பார்த்தார். நாலாயிரத்து நானூற்று அறுபத்து நாலு என்று வந்தது. மைனஸ்கூட இல்லை. பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

"போன மாச நிவாரணப் பட்டியலும் இதிலயோ செய்தது?"

நவ்பரின் முகம் செத்துப்போனது. அலுமாரியைத் திறந்து, கட்டுக் கட்டாகக் கோப்புகளை அள்ளி என் முன்னால் போட்டார்.

"திங்கட்கிழமை வேண்டாம். இப்பவே இருங்கோ. எத்தனை பேருக்கு அரிசி போகேல்லை எண்டு பாப்பம்."