விளிம்பில் ஒரு வடு

1

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று டெல்பர்ட்டுக்குத் தலையாட்டியிருந்தேன். இந்தக் கதை அந்தத் தலையாட்டலில்தான் தொடங்குகிறது. மேற்கு வர்ஜீனியாவில், மர ஆலையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கிறோம். சனிக்கிழமை காலை தன் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"அப்பாவோட துப்பாக்கி. பதினெட்டு வருஷம் முன்னாடி, என்கூட வேட்டைக்கு வர்ற ஓரினுக்கு வித்தேன். இன்னைக்குத் திரும்ப வாங்கப் போறேன்."

இரண்டு வளைவுகள் போனபின், "உள்ள ஒரு வடு இருக்கும் தம்பி. சின்னப் பையனா இருக்கறப்போ தோட்டா போடாம விசையைச் சொடுக்கிச் சொடுக்கி விளையாடினேன். விக்கறப்போ சொல்லலை. அவன் கண்டுபிடிச்சிருப்பான். அதான் அப்புறம் அணில் வேட்டைக்கு என்னைக் கூப்பிடறதே இல்லை."

(இந்தத் துப்பாக்கியில் போடும் சின்னத் தோட்டாவுக்கு அடிப்பக்க விளிம்பில்தான் ஊசி அடிக்கும். தோட்டா இல்லையென்றால் ஊசி, தோட்டா உட்காரும் பின்பக்கக் குழல்வாயின் விளிம்பையே கொத்தி வடுவாக்கும். இவ்வளவு போதும்.)

2

இதற்கு நான் முதலில் எழுதிய தொடக்கம்: 'பனி மூடிய பள்ளத்தாக்கில், இரும்பின் நினைவைப் போல' –

விட்டுவிட்டேன். பனியே இல்லை. அக்டோபர் வெயில், ஓரினின் சமையலறை மேசை, தட்டில் இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும், அதனால் வந்த பழக்கம்.

ஓரின் துப்பாக்கியின் நெம்புகோலை இறக்கி, காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தார். டெல்பர்ட் தானும் விரலை விட்டுப் பார்த்தார்.

"என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையாக்கும்?"

"கண்ணு மேல இருக்கு. உன் கண்ணாடி மேலதான் இல்லை."

டெல்பர்ட் ஒரு காசால் பக்கத்துத் திருகைக் கழற்றினார். துப்பாக்கி இரண்டாகப் பிரிந்தது. குழலுக்குள் விளக்கடித்தார், சுழன்றோடும் வரிகள் கூர்மையாக இருந்தன. கட்டையில் வெடிப்பில்லை. கடைசியாகக் குழல்வாயின் விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

நகம் நின்றது.

3

இந்த இடத்தில் ஓரினைத் தந்திரக்காரராக எழுதிப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் அவர் அப்படி ஆகவில்லை.

"தட்டுதா? தட்டும். அது நான் பண்ணினது யோவ்," என்றார். "வாங்கின அன்னைக்கே ஆர்வத்துல ரெண்டு தடவை வெத்தா சொடுக்கிட்டேன். மறுநாள் துடைக்கறப்போ பார்த்தா வடு. நீ சுத்தமாத்தான் குடுத்தே. உங்கப்பன் துப்பாக்கியைக் கெடுத்துட்டோமேன்னு… உன்னை வேட்டைக்குக் கூப்பிட்டா நான் அதைத் தூக்கிட்டுத்தானே வரணும்? நீ கையில வாங்கிப் பார்ப்பே. வெட்கமா இருந்துச்சு."

டெல்பர்ட்டின் நகம் இன்னும் வடுவிலேயே இருந்தது.

4

முடிவு ஒன்று: டெல்பர்ட் உண்மையைச் சொல்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள். (பதினெட்டு வருடம் அவ்வளவு சீக்கிரம் சிரித்துவிடுமா?)

முடிவு இரண்டு: அவர் 'பரவாயில்லை' என்கிறார். மன்னித்தவராக வீடு திரும்பி, அந்தத் துப்பாக்கியை ஒருநாளும் –

எழுத முடியவில்லை.

நடந்தது இது. டெல்பர்ட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த அறையில் விஷயம் தெரிந்த இன்னொருவன் நான்தான். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருந்த நீங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும்.