பத்து மணிக் கூட்டம்

எல்லார் முன்னாலும் தன்னைத் தூங்குமூஞ்சி என்று சொன்ன மனிதனைக் கம்ஷாத் ஒரு நாளும் மறக்கவில்லை.

அப்போது அவள் அல்மாட்டியில் ஒரு மாவு ஆலையின் தலைமை அலுவலகத்தில் மெயிலும் காலண்டரும் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மார்ச் மாதம், நாடு முழுக்க இனி ஒரே நேரம் என்று அரசாங்கம் அறிவித்தது. அல்மாட்டிக் கடிகாரங்களெல்லாம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின. சர்வருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு அப்டேட் போட வேண்டும். கம்ஷாத் போய்க் கேட்டாள். மறுபடியும் போய்க் கேட்டாள்.

"ஓடுற குதிரையை நிறுத்தி லாடம் மாத்துவாங்களா? பேசாம போ" என்றார் கணினிப் பிரிவுத் தலைவர் எர்கேபுலான்.

விளைவு, இப்போது அல்மாட்டியோடு ஒரே நேரமாகிவிட்ட தாஷ்கண்டிலிருந்து வியாபாரிகள் பத்து மணிக்கு வைத்த வீடியோ கூட்டம் இங்கே காலண்டரில் பதினொன்று என்று காட்டியது. இயக்குநர் மக்சுத் பதினொன்றுக்குப் போய் உட்கார்ந்தபோது திரையில் ஒருவரும் இல்லை. அவர்கள் வேறு ஆலையோடு பேசி முடித்திருந்தார்கள்.

"யார் செஞ்ச வேலை இது?" என்று மக்சுத் கூட்ட அறையே அதிரக் கத்தினார்.

"இவதான்" என்றார் எர்கேபுலான். "அப்டேட் போடு போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தூங்குமூஞ்சி, கேட்டாத்தானே!"

இயக்குநரின் செயலாளர் ரவுஷான் அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கம்ஷாத் போய்க் கேட்டதையும் எர்கேபுலான் விரட்டியதையும் தன் காதால் கேட்டவள். அவள் தேநீர்க் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ஷாத்துக்கு அன்றே வேலை போயிற்று.

ஊர் பெரியதென்றாலும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கோடை முழுவதும் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. பராகோல்கா சந்தையில் அண்ணியின் கடையில் போன் உறை விற்றாள். "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுங்க இவ" என்று அண்ணி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் எர்கேபுலானின் முகம்தான் அவள் கண்ணில் நின்றது. இலையுதிர் காலத்தில் ஒரு சின்ன பழுதுபார்க்கும் நிறுவனம் வேலை கொடுத்தது. அங்கே வந்த முதல் பெரிய அழைப்பே அந்த மாவு ஆலையிலிருந்து: மெயில் வெளியே போகவில்லை, போனில் ஒரு நேரம், கம்ப்யூட்டரில் ஒரு நேரம்.

"நான் போறேன்" என்றாள் கம்ஷாத்.

அவளை வாசலில் பார்த்ததும் எர்கேபுலானின் முகம் சுருங்கியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "வா கம்ஷாத், நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்றார்.

முன்பெல்லாம் அவரை அண்ணே என்பாள். இப்போது வெளியாளைப் போலத் தகப்பன் பெயரையும் சேர்த்து, "சர்வர் எங்க இருக்கு, எர்கேபுலான் செரிகோவிச்?" என்றாள்.

சர்வரின் கடிகாரத்தைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவள் போன பிறகு அந்த மனிதர் அப்டேட் போடவே இல்லை. கடிகாரத்தை மட்டும் கையால் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார். காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்கியது போல. அலுவலகத்துக்குள் எல்லாம் சரியாகத் தெரிந்தது. வெளியே இருந்த சர்வர்களோ, பொய் நேரம் சொல்லும் இந்த சர்வரை நம்ப மறுத்தன.

ரவுஷான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் அறையில் இருக்கும்போதே கம்ஷாத் எர்கேபுலானிடம் நிதானமாகச் சொன்னாள்: "நான் சரி பண்ணிடுறேன். ஆனா இங்கேருந்து வெளியூருக்குப் போன கூட்ட அழைப்பெல்லாம் அங்க ஒரு மணி நேரம் முன்னாலதான் காட்டும். அவங்களுக்கு போன் போட்டுச் சொல்லிடணும்."

"அதெல்லாம் ரவுஷான் அப்பப்ப சொல்லிட்டுதான் இருக்கா."

"ரவுஷான் அக்காவுக்குத் தெரியாம யாராவது அனுப்பியிருந்தா?"

"யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். வாயை மூடிக்கிட்டு வந்த வேலையைப் பாரு."

"உங்க இஷ்டம்."

அவர் போனார். அப்டேட் முடிந்ததும் காலண்டர்கள் ஒழுங்காக நகர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எர்கேபுலானின் காலண்டரில், மறுநாளுக்கு, அக்தோபே நகரில் இருக்கும் ஆலை முதலாளிக்கு அவர் அனுப்பிய அழைப்பு இருந்தது. தலைப்பு: இயக்குநர் பொறுப்பை நான் ஏற்பது பற்றி. மக்சுத்துக்குத் தெரியாமல், ரவுஷானுக்கும் தெரியாமல், பதினொரு மணிக்கென்று அனுப்பியது. முதலாளியிடம் அது பத்து மணி என்று போய்ச் சேர்ந்திருந்தது. இங்கேயும் இப்போது பத்து என்றே காட்டியது.

பக்கத்து அறைதான். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்தாள். உள்ளுக்குள் ஏதோ இனித்தது.

மறுநாள் காலை வேலையைச் சரிபார்க்க வந்தாள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எர்கேபுலானின் கம்ப்யூட்டர் மணி அடித்து நினைவூட்டியது.

"பாருங்கய்யா, இவ சரி பண்ணின லட்சணத்தை! பதினொரு மணிக் கூட்டத்தைப் பத்துன்னு காட்டுது" என்று சிரித்துக்கொண்டே அதை மூடிவிட்டு, முடி திருத்திக்கொள்ள வெளியே போனார்.

பத்து மணிக்கு முதலாளி திரையில் வந்து உட்கார்ந்தார். காத்திருந்தார். பிறகு நேராக மக்சுத்துக்கு போன் போட்டார்: "உன் நாற்காலியைக் கேட்டு என்னைக் கூப்பிட்டவன் எங்கேய்யா?"

வாசனை மணக்கத் திரும்பி வந்த எர்கேபுலானை அதே கூட்ட அறைக்கு அழைத்தார்கள். திரையில் முதலாளி. மேசை முனையில் மக்சுத்.

"இவ செஞ்ச சதி! காலண்டரைக் கெடுத்துட்டா" என்று எர்கேபுலான் கம்ஷாத்தைக் கைகாட்டினார்.

கம்ஷாத் ரவுஷான் பக்கம் திரும்பினாள். "ரவுஷான் அக்கா, நேத்து நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ரவுஷான் இந்த முறை தலை குனியவில்லை. "எச்சரிச்சா. வாயை மூடுன்னு சொன்னாரு. மார்ச்லயும் இப்படித்தான், அப்டேட் வேணாம்னு விரட்டினதே அவர்தான். நான் கேட்டேன்."

மக்சுத் குரலை உயர்த்தவேயில்லை. "மேசையைக் காலி பண்ணு" என்றார்.

எர்கேபுலான் அட்டைப்பெட்டியோடு படியிறங்கும்போது கம்ஷாத் கீழே கையுறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அழைப்பை நேத்தே பார்த்துட்ட, இல்ல?"

"பார்த்தேன்."

"வேணும்னே சொல்லாம விட்ட."

"ஆமா, வேணும்னேதான்."

அதற்குள் ரவுஷான் பின்னாலேயே ஓடிவந்து, "கம்ஷாத், இயக்குநர் உன்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்றாரு. என் மேல கோபமில்லையே?" என்றாள்.

"வேலைக்கு வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் கம்ஷாத். மற்றக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு குளிருக்குள் இறங்கினாள்.