சீல் போடுகிற சாஃப்ட்வேர்

கலியபெருமாள் அந்த பேனர் கடைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, ரஞ்சனியின் மேசையைப் பார்த்தார். மேசை மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கிடந்தது. அளந்து வேலை செய்கிறவள் போலிருக்கிறது. ஆனாலும் நம்பிவிடக் கூடாது. ஸ்கேல் வைத்துக்கொண்டே கண்ணளவில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேரை அவர் ஒர்க் ஷாப்பில் பார்த்திருக்கிறார்.

கையோடு கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்ததை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். முழுசாக ஒரு பஸ். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தந்தத்தின் நிறம், நடுவில் சிவப்புப் பட்டை. ஜன்னலுக்குக் கம்பி, கூரைக்கு ஏறுகிற ஏணி, உள்ளே இருக்கை, இருக்கைக்கு மேலே கைப்பிடிக் கம்பி, எல்லாம் இருந்தது. எழுத்துதான் ஒன்றுகூட இல்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பேனர் அடிக்கிற கடைகள் நிறைய. ரஞ்சனியின் கடைக்கு அவர் வந்ததற்குக் காரணம், அவள் கடைக்கு வெளியே மாட்டியிருந்த பேனரில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதுதான்.

"ஐயா, இது நீங்க செஞ்சதா?" அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"பின்ன, கடையிலயா விக்கிது? இருபத்தஞ்சுல ஒண்ணு. நான் ஓட்டுன பஸ்ஸும்மா இது. ராஜாம்பாள் டிரான்ஸ்போர்ட். பத்து மீட்டர் வண்டி, இது நாப்பது சென்டிமீட்டர். ஒரு நட்டு கூட அளவு மாறாது."

"எழுத்து போடணுமா?"

"எழுத்துக்குத்தான வந்தேன்."

பஸ் கம்பெனியை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகள் கலைவாணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புது ஆபீஸ் திறக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த பஸ் நிற்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கேட்கும்போதே ஒரு வார்த்தை சொன்னாள்: "டிரைவர் கதவுல உங்க பேரு இருக்கணும். அப்பா எழுத வெச்ச பேரு. அது இல்லன்னா அது எங்க பஸ்ஸே இல்ல."

அங்கேதான் சிக்கல். அந்தப் பெயர் நிஜ பஸ்ஸில் நாலு விரல் உயரம். தினமும் காலையில் துணியை நனைத்து அதைத் துடைத்தவர் அவர்தான், விரல் வைத்தே சொல்வார். நாலு விரலை இருபத்தைந்தால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர். ஒரு நெல்லின் அகலம்.

"கையால எழுத முடியல, கை நடுங்குது" என்றார். "அதுக்குத்தான் இந்தப் பேப்பரு." அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து மடங்காமல் ஒரு தாளை எடுத்தார். அதில் அச்சடித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் மேலே இருக்கிற மெல்லிய படலம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதை அப்படியே பஸ்ஸின் மேல் இறக்கிவிடலாம். சென்னையில் இருக்கிற மகள் தமிழினி ஆர்டர் போட்டு இரண்டு தாள் அனுப்பியிருந்தாள். ஒரு தாள் போய்விட்டது. போனில் ஏதோ ஒரு ஆப்பில் அவளே பெயரை எழுதி அனுப்ப, அதை அப்படியே ஒரு கடையில் அச்சடித்துவிட்டார். அளவு என்னவென்று அந்த ஆப்புக்கே தெரியவில்லை. போதாததற்கு மூலையில் தன் பெயரையும் போட்டுக்கொண்டது.

"என் பேரப் போடச் சொன்னா அவன் பேரப் போடறான்" என்றார். "இருக்கறது இந்த ஒரு பேப்பருதான். ஞாயித்துக்கெழமக்குள்ள வேற வராது. அதனால மொதல்ல வெள்ளப் பேப்பர்ல அடிச்சுக் காட்டு. நான் பாத்துட்டு சொல்றேன்."

ரஞ்சனி பேனர் போடுகிற சாஃப்ட்வேரைத் திறந்தாள். விலை அதிகமானது, எல்லாம் செய்யும் என்றாள். திரையில் பெயர் பளபளவென்று நின்றது. நிழல் போட்டாள், ஓரத்துக்குத் தங்கக் கோடு போட்டாள். கலியபெருமாள் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சாகி வந்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இன்னாம்மா இது? எறும்ப நசுக்கி வெச்ச மாதிரி இருக்குது. 'பெ'வும் 'ரு'வும் ஒண்ணா ஒட்டிக்கினு கெடக்குது."

"ஐயா, இது எல்லாத்தயும் புள்ளி புள்ளியா வெச்சுக்குது. பெருசா அடிச்சா தெரியாது, இவ்ளோ சின்னதா அடிச்சா இழைஞ்சிடுது. பேசாம ஆறு மில்லிமீட்டரா போட்டுரலாமே. நல்லா தெரியும். யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

அவ்வளவுதான், அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பச்சமுத்து அளந்து பாப்பாரு. அனந்தபுரத்துக்காரரு. பன்னெண்டு வருஷம் அந்த பஸ்ல கண்டக்டரு. ஒரு விரல் பெருசா இருந்தாலும், டேய் டிரைவரு, ஒன் பேர நீயே பெருசாக்கிக்கினியான்னு ஊருக்கே கேக்கறா மாதிரி கத்துவாரு. போன வாரமே சொல்லிட்டாரு, கதவுல கொசு உக்காந்த மாதிரிதான் இருக்கும்னு."

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு மழைக்காலம். அனந்தபுரம் போகிற வழியில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வந்த வண்டியெல்லாம் கடந்து போய்விட்டது. பஸ்ஸில் அறுபது பேர். "ஏன்டா நிறுத்தற, போடா, நேரமாவுது" என்று பின்னாலிருந்து கத்தியவர் பச்சமுத்துதான். கலியபெருமாள் யாரையும் நம்பவில்லை, தண்ணீரையும் நம்பவில்லை. ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு இறங்கி, குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். நடுவில் ஒரு இடத்தில் ராடு முழுசாக உள்ளே போனது. அடியில் மண்ணே இல்லை. பஸ்ஸை ரிவர்ஸிலேயே எடுத்துவந்து மேட்டில் நிறுத்தினார். ஏச்சு வாங்கினார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பாலத்தில் பாதி பெயர்ந்து தண்ணீரோடு போனது.

மறுநாள் முதலாளி பெயின்டரைக் கூப்பிட்டு டிரைவர் கதவில் பெயரை எழுதச் சொன்னார். காலனிக்காரன் பேரு பஸ் கதவுலயா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். முதலாளி காதிலேயே வாங்கவில்லை. பஸ் காயலான் கடைக்குப் போகிற வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது. அதைப் படிக்காமல் யாரும் அந்தப் பக்கம் நடந்திருக்க முடியாது. ஆனால் படித்தவர்களும் அவரை "டேய் டிரைவரு" என்றுதான் கூப்பிட்டார்கள். பச்சமுத்து இன்றைக்கும் அப்படித்தான்.

கதையைக் கேட்ட ரஞ்சனி ஆறு மில்லிமீட்டர் பேச்சை எடுக்கவில்லை. "அப்ப இன்னாதான் பண்றது ஐயா?" என்றாள்.

கலியபெருமாளின் கண் மேசைக்கு அந்தப் பக்கம் போனது. கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். அதில் வட்ட வட்டமாக ரப்பர் ஸ்டாம்பு மாதிரிகள். வட்டத்தின் ஓரத்தில் சங்கத்தின் பெயர், ஊர், பதிவு எண் என்று பொடிப் பொடியாக எழுத்து. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வாழ்நாள் முழுக்க சீல் சரியாக விழவில்லை என்று எத்தனை ஆபீசில் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல சீல் எது என்று அவருக்குத் தெரியும்.

"இத எதுல போட்ட?"

"சீலா? அது வேற சாஃப்ட்வேர் ஐயா. பழசு. கல்யாணப் பத்திரிகைக்கும் சீலுக்கும்தான் அதத் தொறப்பேன். அதுல நெழல், கலரெல்லாம் இவ்ளோ வராது. அதோட பேரு..."

"பேரு எனக்கு எதுக்கு? சீல் போடற சாஃப்ட்வேரத் தொற."

அது புள்ளி வைத்து நிரப்புவதில்லை, கோட்டை அளவாக வைத்துக்கொள்கிறது, எவ்வளவு சின்னதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும் என்று ரஞ்சனி திறந்துகொண்டே சொன்னாள். கலியபெருமாள் தலையாட்டவில்லை. அச்சடித்து வரட்டும்.

ரெடிமேட் எழுத்தும் வேண்டாம் என்றார். பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்தார். கதவு மங்கலாகத் தெரிந்தது, அதில் 'க' மட்டும்தான் படிக்கும்படி இருந்தது. மீதியை அவர் விரலால் மேசைமேல் எழுதிக் காட்ட, அவள் திரையில் வளைத்தாள்.

"'க'வுக்கு வயிறு இன்னும் கொஞ்சம். ஆ, நிறுத்து. 'ள்' வால் அவ்ளோ நீளம் இல்ல. அந்த பெயின்டருக்கு எடம் பத்தல, கடைசில சுருக்கிட்டான்."

மூன்றாவது வகுப்போடு படிப்பை விட்ட மனிதர், ஒரு வளைவுகூடத் தப்பவிடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகு பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தார். நிஜ பஸ்ஸில் இருந்து கழற்றியது.

"இதையும் வரை. உள்வட்டம், வெளிவட்டம். அச்சடிச்சுக் குடு. மேல வெச்சுப் பாக்கறேன்."

"எதுக்கு ஐயா?"

"நீ மூணு மில்லிமீட்டருன்னு சொல்ற. அது மூணுதானா? கம்ப்யூட்டரு சொல்றத வாஷரு ஒத்துக்கணும் இல்ல?"

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கேலை வைத்து அளந்து வரைந்தாள், அச்சடித்தாள். கலியபெருமாள் வாஷரைத் தாளின் மேல் வைத்தார். வெளிவட்டத்தின் கோட்டையே காணோம். வாஷருக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

"கம்மியா இருக்குது."

"இருக்காதே!" அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். கம்மியாகத்தான் இருந்தது. சிரிப்பு போய்விட்டது. பிரிண்ட் போடுகிற இடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி சுருக்கிக்கோன்னு ஒரு டிக் இருக்குது ஐயா. எப்பவும் அப்படியே விட்டுடுவேன். இத்தன வருஷமா இத நான் பாக்கவே இல்ல."

"அப்ப ஊர்ல போட்ட சீலெல்லாம் கம்மியா?"

"சீலு மெஷினு வேற, இது வேற. மானத்த வாங்காதீங்க ஐயா."

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். இந்த முறை வாஷரை வைத்தால் சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு, உள்ளே ஓட்டையிலும் கோடு, எங்கும் ஏற்ற இறக்கம் இல்லை. கலியபெருமாள் குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். பிறகுதான் அந்தக் கடைசித் தாளைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, கிண்ணத்துத் தண்ணீரில் பெயரை ஊறவிட்டு, நனைந்த பிரஷ்ஷால் கதவின்மேல் தள்ளி இறக்கினார். காது குடையும் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றினார். கை நடுங்கத்தான் செய்தது. எழுத்து நடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலைவாணியின் ஆபீசில் நல்ல கூட்டம். ரஞ்சனியும் வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பழைய டிரைவர்கள், செக்கர்கள், பயணிகள். பச்சமுத்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வரும்போதே குரல் வந்துவிட்டது.

"டேய் டிரைவரு, எங்கடா கொசு?"

"டிரைவர் பக்கம் வந்து பாருங்கண்ணே" என்றார் கலியபெருமாள்.

பச்சமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பெட்டிக்கு வெளியே நாலு விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தார், கிடைக்கவில்லை.

"அதே 'க'வுடா" என்றார். "கடைசில சுருக்கி எழுதி இருப்பான், அதுவும் அப்படியே இருக்குது." பிறகு, குனிந்தபடியே, எழுத்துக் கூட்டுவது போல வாய்க்குள் படித்தார். "கலியபெருமாள்."

கலியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து அவர் கேட்டதில்லை.

"சரியா காதுல உழல, பச்சமுத்து" என்றார். "இன்னொரு வாட்டி சொல்லு."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பச்சமுத்து நிமிர்ந்தார். இந்த முறை கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்.